அடுத்த வரி

மேலக்குறிச்சி
11.8.2024, ஞாயிறு

அன்புத் தம்பி மாணிக்கத்துக்கு அக்கா இந்திராணி எழுதுவது. இங்கே நானும் பிள்ளை கார்த்தியும் சௌக்கியம். அங்கே நீ, கவியின் அம்மா, கவிப்ரியா மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முதுகுவலி தேவலையா? ஆபீஸ் நாற்காலியில் தலையணை வைத்துக்கொள் என்று சொன்னேனே, வைத்தாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் "சொல்லுக்கா, சொல்லுக்கா" என்று சொல்லிக்கொண்டே நீ வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. தபால்காரர் பெற்ற பிள்ளைகள் நாம். காகிதத்தில் எழுதினால்தான் நீ முழுசாகப் படிப்பாய்.

மையத்தில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. கரும்பு வெட்டுகிறவர்களுக்கும் வயலில் நிற்கிறவர்களுக்கும், சர்க்கரை வியாதி இல்லாமல், ரத்தக் கொதிப்பும் இல்லாமல், ஏன் சிறுநீரகம் கெட்டுப்போகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. உனக்குத் தெரிந்ததுதானே, உன் மாமா அதில்தான் போனார். ஆறு ஊர், ஆயிரத்து நூறு பேர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் நாங்கள் ரத்தம் எடுக்கவேண்டும். போன வாரம் ஓர் ஆள் என்னைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டு, "ரத்தக்காட்டேரி வருது, நான் ஊர்ல இல்லேன்னு சொல்லு" என்று பெண்டாட்டியிடம் கத்துகிறான். நான் விடுவேனா? "இல்லாத ஆளு கைய மட்டும் ஜன்னல் வழியா நீட்டச் சொல்லும்மா" என்றேன். நீட்டினான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பன்னிரண்டு வருஷமாய் ரத்தம் எடுக்கிறோம். பெட்டிதான் நிறைந்தது, காரணம் கிடைத்த பாடில்லை. ஆனால் ஒன்று, யாருக்கு வரப்போகிறது என்று இப்போது இரண்டு வருஷம் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. உன் மாமாவைப் போலப் போனவர்களின் பழைய ரத்தத்தை எடுத்துப் பார்த்துத்தான் டாக்டரம்மா அதைக் கண்டுபிடித்தார். இந்த வருஷம் மட்டும் ஒன்பது பேருக்கு நோயை முன்னாலேயே பிடித்து நிறுத்திவிட்டோம். ஒன்பது பேரும் தங்கள் காலால் நடந்து வேலைக்குப் போகிறார்கள்.

உன் மாமாவின் ரத்தம் பன்னிரண்டு குப்பி, பெரிய பெட்டியில் இருக்கிறது. மைனஸ் எண்பது டிகிரி. எல்லாம் என் கையால் எடுத்தது. நல்லாயிருந்த நாளிலிருந்து படுக்கையில் கிடந்த நாள்வரை வரிசையாய் இருக்கிறது. பெட்டியைத் துடைக்கிற சாக்கில் சில நாள் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். கார்த்தியிடம் சொல்லாதே, சிரிப்பான்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

உன் அக்கா
இந்திராணி


ஆர்.கே.புரம், புது தில்லி
1.9.2024

அக்காவுக்கு மாணிக்கத்தின் வணக்கம். நாங்கள் நலம். தலையணை வைத்தாயிற்று. முதுகு பரவாயில்லை. உனக்கு முழங்கால் எப்படி? ஆறு ஊரும் நடந்தே போகாதே, ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொள்.

உன் கடிதத்தை ஆபீஸுக்கு எடுத்துப்போய் டீ நேரத்தில் படித்தேன். ஜன்னலில் கை நீட்டிய ஆளைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் "க்யா ஹுவா, மாணிக்கம்ஜி?" என்றார், என்ன ஆச்சு என்று. இந்தியில் சொல்லிப் பார்த்தேன். பாதிச் சிரிப்புத்தான் வந்தது. நீ எழுதுவதுபோல எனக்கு எழுத வராது அக்கா. கடிதத்தை மேஜை இழுப்பறையிலேயே வைத்திருக்கிறேன்.

ஒரு செய்தி. என்னை வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசாங்கம் கொடுக்கிற நிதியெல்லாம் எங்கள் வழியாகத்தான் போகும். பத்து வருஷம் தாண்டிய ஆராய்ச்சிகள் இருபத்திரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தொடரலாமா நிறுத்தலாமா என்று நான்தான் முதலில் குறிப்பு எழுதவேண்டும். அதன்மேல் சார்புச் செயலாளர் எழுதுவார், அவருக்கு மேல் இணைச் செயலாளர். முதல் குறிப்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ மேலே எல்லாரும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் சாய்வார்கள்.

இருபது வருஷ சர்வீஸில் என் ஆங்கிலத்தை ஒருத்தரும் மெச்சியதில்லை. திருத்தித்தான் கீழே அனுப்புவார்கள். தமிழ் மீடியம் என்று நெற்றியிலா எழுதியிருக்கிறது? புதிதாக வந்திருக்கிற இணைச் செயலாளருக்குச் சுருக்கமாய், சுருக்கென்று எழுதினால் பிடிக்குமாம். பார்க்கலாம்.

கவிப்ரியா உன் கடிதத்தைக் கையில் வாங்கி, "அத்தை கையெழுத்து அழகா இருக்குப்பா" என்றாள். படிக்கத் தெரிந்தால் இன்னும் அழகாக இருக்கும் என்றேன். முறைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்புள்ள
மாணிக்கம்


மேலக்குறிச்சி
20.10.2024

தம்பி மாணிக்கத்துக்கு அக்காவின் ஆசி. மழை பிடித்துக்கொண்டது. ஒரு தும்மல்கூட இல்லாமல் நன்றாக இருக்கிறேன். உங்கள் ஊரில் புகை ஆரம்பித்திருக்குமே, கவிக்கு மூச்சு இரைக்கிறதா? முகத்தில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகச் சொல்.

உன் வேலையைப் பற்றி டாக்டரம்மாவிடம் சொன்னேன். மேதா என்று பெயர். மூன்று வருஷமாய் மையத்துக்குத் தலைமை. உங்கள் டில்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்தான். நன்றாகப் பேசும், எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. தமிழில் எது வந்தாலும் "அச்சா இந்திராணிக்கா, இதுல என்ன இருக்கு, படிங்க" என்று என்னிடம்தான் நீட்டும். நீ அந்தப் பிரிவில் இருக்கிறாய் என்றதும் அதன் முகம் மலர்ந்துவிட்டது. "உங்க தம்பிகிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம்க்கா. நம்ம ரிப்போர்ட்டைப் பொறுமையா படிச்சாரானா அதுவே போதும்" என்றது.

எங்கள் கோப்பு அந்த இருபத்திரண்டில் இருக்கிறதா? இருந்தால் பார்த்துப் படி. சலுகை வேண்டாம். அப்பா தந்தியைக்கூட உரியவர் கையில்தான் கொடுப்பார், பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகமாட்டார். அதுபோலச் செய்தால் போதும்.

இந்திராணி


புது தில்லி
18.1.2025

அக்காவுக்கு வணக்கம். பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே குளிர் எலும்பைத் தின்கிறது. பனிமூட்டத்தில் காலையில் பஸ் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரிவதில்லை. கவிக்கு இரண்டு முறை நெபுலைசர் வைத்தோம். இப்போது தேவலை. உனக்கு ஒரு ஸ்வெட்டர் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், சரோஜினி நகரில் வாங்கியது.

கோப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆபீஸ் விஷயம் வெளியே எழுதக்கூடாது என்று விதி. தப்பாக நினைக்காதே.

எனக்கு ஒரு நல்லது நடந்தது. என் குறிப்பு ஒன்றை இணைச் செயலாளர் அச்சடித்து வாங்கிப் படித்திருக்கிறார். இப்போது எல்லாம் கணினியில்தான் ஓடுகிறது, ஆனாலும் அவருக்குக் காகிதத்தில் படித்தால்தான் திருப்தி. ஒரு வரியின் கீழே பச்சை மையில் கோடு போட்டு, பக்கத்தில் 'நன்றாகச் சொல்லப்பட்டது' என்று எழுதியிருந்தார். பிரிவே கூடி வந்து பார்த்தது. மத்தியானம் எல்லாருக்கும் சமோசா வாங்கினேன். கவியின் அம்மா அந்தத் தாளைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

வேறு ஒன்றும் இல்லை. முழங்காலுக்கு எண்ணெய் தடவு.

மாணிக்கம்


மேலக்குறிச்சி
13.4.2025

தம்பிக்கு. உடம்பு சௌக்கியம். ஸ்வெட்டர் வந்தது, இந்த ஊருக்கு அது எதற்கு என்று நானும் கார்த்தியும் சிரித்தோம். ஆனாலும் மடித்து வைத்திருக்கிறேன்.

மையத்தை மூடச்சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நிதி கிடையாது. பன்னிரண்டு வருஷத்துக்கு நாலு வரிக் கடிதம். டாக்டரம்மா அதை எங்களுக்குப் படித்துச் சொல்லிவிட்டு, கைகழுவுகிற இடத்தில் போய் நின்றுகொண்டது. குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதது. எங்களுக்குக் கேட்காதாம்.

களப்பணியாளர் பன்னிரண்டு பேருக்கும் இனி வேலை இல்லை. இருந்தாலும் நாங்கள் ஏழு பேர் தினம் வந்து போகிறோம். பெட்டிகளை யார் பார்ப்பது? ரிப்பேர் கம்பெனிக்காரன் இனி வரமாட்டேன் என்றுவிட்டான். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. கரண்டு போனால் அவ்வளவுதான்.

மாணிக்கம், நான் உன்னை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. இது எந்த மேஜையில் நின்றது, யார் என்ன எழுதினார் என்று மட்டும் விசாரித்துச் சொல். அந்த ஆளை நேரில் பார்த்தால் நான் சண்டைகூடப் போடமாட்டேன். கூட்டிக்கொண்டு போய் அந்த ஒன்பது பேரையும் காட்டுவேன்.

அக்கா


புது தில்லி
8.6.2025

அக்காவுக்கு வணக்கம். நலம். வெயில் நாற்பத்தைந்து. கூலரில் தண்ணீர் ஊற்றி மாளவில்லை.

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. விசாரித்தேன். இதெல்லாம் மேல்மட்டத்துக் கொள்கை முடிவு அக்கா. ஒரு மேஜை, ஓர் ஆள் என்று சொல்லமுடியாது. பழைய ஆராய்ச்சிகளில் சிலவற்றையாவது குறைத்துக் காட்டவேண்டும் என்று எல்லாப் பிரிவுக்கும் உத்தரவு. டாக்டரம்மாவை உங்கள் எம்.பி.க்கு மனு கொடுக்கச் சொல். அமைச்சகத்துக்கும் எழுதட்டும்.

எங்கள் தளத்தைப் பெருக்கித் துடைக்கிற அம்மாள், நம் ஊர்க்காரர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்காரர். போன வாரம் அங்கே வீடுகளை இடித்துவிட்டார்கள். இடிப்பதற்கு முன்னால் நோட்டீஸை என்னிடம் கொண்டுவந்து, "நீங்க தமிழாளு சார், படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டார். படித்துச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "இத எழுதுனவரு எங்க தெருப் பக்கம் வந்திருக்காரா சார்?" என்றார். நோட்டீஸை மடித்து அவர் கையில் கொடுத்தேன். ஏனோ உனக்கு எழுதத் தோன்றியது.

நீ சம்பளம் இல்லாமல் அங்கே போய் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

மாணிக்கம்


மேலக்குறிச்சி
13.7.2025

தம்பிக்கு. இருக்கிறேன்.

ஜூன் கடைசியில் சூறைக்காற்று அடித்து மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன. இரண்டு நாள் கரண்டு இல்லை. ஐஸ் கம்பெனியில் கெஞ்சி ஐஸ் வாங்கிவந்து சின்னப் பெட்டியைக் காப்பாற்றிவிட்டோம். பெரிய பெட்டிக்கு அது எங்கே காணும்? மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது தரையெல்லாம் தண்ணீர். ஆறாயிரம் குப்பி. உன் மாமாவின் எண் 87. தேடி எடுத்துப் பார்த்தேன். குப்பி கையில் சூடாக இருந்தது.

அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால் சின்னப் பெட்டியும் போய்விடும். அதனால் இரண்டு காரியம் செய்திருக்கிறோம். எதற்காக நிறுத்தினார்கள் என்று கோப்பின் குறிப்புகளைக் கேட்டு டாக்டரம்மா தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுவிட்டது. இரண்டாவது என் யோசனை. ஆறு ஊர்க்காரர்களையும் ஆளுக்கு ஒரு தபால் கார்டு டில்லிக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதிக் கைநாட்டு வாங்குகிறோம். 'நான் எண் இன்னது. பன்னிரண்டு வருஷம் ரத்தம் கொடுத்தேன். அதை வைத்து என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று எனக்குச் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.' இவ்வளவுதான். ஜன்னலில் கை நீட்டினானே, அவன்தான் முதல் கார்டு.

நம் அப்பா இருந்திருந்தால் இதுவரை சேர்ந்த எழுநூறு கார்டையும் தானே கட்டி முத்திரை குத்தியிருப்பார்.

அக்கா


புது தில்லி
24.8.2025

அக்காவுக்கு வணக்கம். எல்லாரும் நலம். கவிக்கு அரையாண்டுப் பரீட்சை வருகிறது. நல்ல மழை. யமுனையில் தண்ணீர் ஏறுகிறது என்கிறார்கள். எங்கள் பக்கம் பயமில்லை.

மாமாவின் குப்பி விஷயம் படித்தேன்.

டாக்டரம்மாவுக்கு ஆர்.டி.ஐ. பதில் வந்தால் நீ அதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்காதே அக்கா. அரசாங்க ஆங்கிலம், தலைவலிதான் மிச்சம். பெயர்களையும் கறுப்பு மையால் அடித்துத்தான் தருவார்கள்.

முழங்கால் எப்படி?

மாணிக்கம்


மேலக்குறிச்சி
21.9.2025

தம்பிக்கு. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

பதில் வந்தது. பதினாலு பக்கம். ஏழு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். டாக்டரம்மா ஒவ்வொரு வரியாய் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தது. நீ சொன்னபடி பெயர்கள் கறுப்பாகத்தான் இருந்தன. ஐந்தாம் பக்கம் வந்தபோது நிறுத்திக்கொண்டு, "இத கேளுங்க. 'பன்னெண்டு வருஷமா ரத்தம் எடுக்கறாங்க. பெட்டிதான் நெறஞ்சுது, காரணம் கெடைக்கல. களத்துல வேலை பாக்கறவங்களே இப்படித்தான் சொல்றாங்க.' இதுக்குக் கீழதான் பெரியவர் கோடு போட்டிருக்காரு. அதுக்கு மேல எழுதினவங்க எல்லாரும் இதையேதான் திருப்பித் திருப்பி எழுதியிருக்காங்க. யாருக்கா நம்மள்ல இப்படிச் சொன்னது?" என்றது.

எல்லாரும் தேன்மொழியைப் பார்த்தார்கள். அவள்தான் போன வருஷம் சம்பளம் போதவில்லை என்று தாலுக்கா ஆபீஸ் வாசலில் சத்தம் போட்டவள். "சாமி சத்தியமா நான் சொல்லலக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு நான் எழுதுகிற கடிதங்களுக்கு நகல் வைத்துக்கொள்வது கிடையாது. போன வருஷம் ஆகஸ்ட் மாதம் ஒன்று எழுதினேன். இழுப்பறையில் வைத்திருப்பதாகச் சொன்னாய். இருந்தால் எடுத்துப் பார். பெட்டி நிறைந்தது என்று எழுதியதற்கு அடுத்து என்ன எழுதியிருந்தேன் என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பார்த்து எழுது.

கவி நன்றாகப் பரீட்சை எழுதட்டும்.

இந்திராணி


புது தில்லி
30.11.2025

அக்கா,

வணக்கம் என்று எழுத இந்தக் கை கூசுகிறது. இதை நான் எட்டு மாதம் முன்னாலேயே எழுதியிருக்கவேண்டும்.

அந்தக் குறிப்பை எழுதியது நான்தான். உனக்கு அது தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நானே எழுதிச் சொல்லவேண்டும்.

இருபத்திரண்டு கோப்பில் ஒன்றையாவது நிறுத்திக் காட்டவேண்டும் என்று உத்தரவு. எல்லாவற்றிலும் பக்கம் பக்கமாய் விஞ்ஞானம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று மேலே போய்ச் சொல்ல வெட்கம். எனக்குப் புரிந்த ஒரே ஆராய்ச்சி உங்களுடையதுதான், நீ எழுதியதால் புரிந்தது. இழுப்பறையைத் திறந்து உன் கடிதத்தை எடுத்தேன். உன் வரியை ஆங்கிலத்தில் போட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய நல்ல ஆங்கில வரி அது ஒன்றுதான், அதுவும் என்னுடையது இல்லை. அடுத்த வரி கண்ணில் படாமல் இல்லை அக்கா. பட்டது. அதைச் சேர்த்தால் சுருக்கென்று இருக்காது என்று விட்டுவிட்டேன். அதற்குத்தான் எனக்குப் பச்சைக் கோடு. அதற்குத்தான் சமோசா வாங்கினேன்.

டாக்டரம்மாவின் மனு என் பிரிவுக்குத்தான் வந்தது. நகல் எடுத்துக் கொடுக்கவேண்டியது நான். பெயர்களை மறைக்க விதி உண்டு. என் பெயரை என் கையாலேயே கறுப்பு மையில் அடித்தேன். உன் வரியை அடிக்க விதி இல்லை. அதைத் தடவிப் பார்த்துவிட்டு உறையில் போட்டேன். அதே வாரத்தில் உங்கள் கார்டுகள் மூட்டையாய் வந்து இறங்கின. அமைச்சகத்தில் ஒருத்தருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. "மாணிக்கம்ஜி, ஜரா தேக்கியே", கொஞ்சம் பாருங்கள் என்று என் மேஜையில் கொட்டிவிட்டுப் போனார்கள். எழுநூற்றுப் பதினாறு. ஒவ்வொன்றாய் மொழிபெயர்த்தேன். நானூறாவது கார்டுப் பக்கம் உன் கையெழுத்து வந்தது. 'நான் எண் 87. பெயர் பாலு. நான் இப்போது இல்லை. என் ரத்தம் இருந்தது.' அதை மொழிபெயர்க்க ஒரு முழு நாள் ஆனது. அப்புறமும் உனக்கு எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. நீ கேட்ட பிறகுதான் கடிதத்தைத் திரும்ப எடுத்தேன்.

நீ கேட்ட அடுத்த வரி இதுதான்: 'ஆனால் ஒன்று, யாருக்கு வரப்போகிறது என்று இப்போது இரண்டு வருஷம் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.' அதற்கு அடுத்ததில் அந்த ஒன்பது பேர் வருகிறார்கள்.

போன மாதம் கோப்பில் புதுக் குறிப்பு ஒன்று போட்டேன். முன்பு நான் எடுத்துக்காட்டிய வரி ஒரு களப்பணியாளரின் சொந்தக் கடிதத்திலிருந்து பாதியில் வெட்டியது, அவர் என் உடன்பிறந்த அக்கா, இந்தக் கோப்பை நான் தொட்டிருக்கவே கூடாது, வெட்டிய பாகம் இது என்று எழுதினேன். எழுநூற்றுப் பதினாறு கார்டின் மொழிபெயர்ப்பையும் இணைத்தேன். கீழே முழுப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார்கள். பழைய கோப்புகள் அடுக்கி வைக்கிற பிரிவுக்கு என்னை மாற்றியாயிற்று. உங்கள் கோப்பை மறுபடி பரிசீலிக்கிறார்கள் என்று கேள்வி. கவியின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் படத்தை அழித்துவிட்டாள்.

இந்தக் கடிதத்தை டாக்டரம்மாவுக்குப் படித்துக் காட்டு. தேன்மொழிக்கும். அவர்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. உன்னிடம் எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை.

மாணிக்கம்


மேலக்குறிச்சி
18.1.2026

தம்பி மாணிக்கத்துக்கு. பொங்கல் ஆனது. வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிற கார்த்தி நாலு நாள் லீவில் வந்துவிட்டுப் போனான். நான் சுகம்.

மையத்துக்கு ஒரு வருஷம் நிதி வந்துவிட்டது. ஒரு வருஷம்தான், அப்புறம் மறுபடி பார்ப்பார்களாம். போன திங்கட்கிழமையிலிருந்து வீடு வீடாகப் போகிறோம். இந்த முறை ஒருத்தனும் கதவைச் சாத்தவில்லை. நடுவில் நின்ற மாதங்களில் மூன்று பேர் கை நழுவிவிட்டார்கள். இரண்டு பேர் டயாலிசிஸில் இருக்கிறார்கள், ஒருத்தர் போய்விட்டார். நீ எழுதியதும் நல்லதற்கு உதவியது என்று டாக்டரம்மா சொன்ன அதே நாளில்தான் அந்த இறந்தவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். இரண்டையும் உனக்கு எழுதவேண்டும் என்று எழுதுகிறேன்.

உன் கடிதத்தை எல்லார் முன்னாலும் படித்தேன். தேன்மொழி இருந்தாள். முதலில் அந்த வரியைச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். தேன்மொழியிடம் மன்னிப்பும் கேட்டேன், இத்தனை நாள் அவளைச் சந்தேகப்படவிட்டுப் பேசாமல் இருந்ததற்கு. "நீங்களாக்கா?" என்றாள். கார்டுகளைப் பற்றியும் புதுக் குறிப்பைப் பற்றியும் நீ எழுதியதைப் படித்தேன். டாக்டரம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதது அன்றைக்கு எனக்கு வசதியாய்ப் போயிற்று. குறிப்பை எழுதியது நான்தான் என்று நீ எழுதின இடம் வந்தபோது, அதையும் அதைக் காட்டிக்கொடுக்கிற மற்ற வரிகளையும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். புதுக் குறிப்பில் 'என் உடன்பிறந்த அக்கா' என்று நீ எழுதியதையும் விட்டுவிட்டேன்.

"மொதல்ல எழுதினது யாருன்னு உங்க தம்பிக்குத் தெரியுமாக்கா?" என்று டாக்டரம்மா கேட்டது. "பேரு கறுப்பா இருக்குதாம்மா, தெரியலயாம்" என்றேன். பதிமூன்று வருஷத்தில் ஒரு குப்பியில் ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதாதவள் நான். அந்த இடத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. உன்னைக் காப்பாற்றச் சொன்னேனா, என் தம்பி என்று சொல்ல வெட்கப்பட்டுச் சொன்னேனா, எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

இனிமேல் வேலையைப் பற்றி உனக்கு எழுதமாட்டேன். கோபம் இல்லை. ஜன்னலில் கை நீட்டிய ஆளைப் போல ஏதாவது நடந்தால், இதை மாணிக்கத்துக்கு எழுதவேண்டும் என்று முன்பெல்லாம் தெருவிலேயே நினைத்துக்கொள்வேன். இப்போது நினைத்தவுடன் கை நின்றுவிடுகிறது. உடம்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீயும் அப்படியே எழுது.

எனக்கு முழங்கால் தேவலை. கவிக்கு மூச்சு எப்படி இருக்கிறது? புது இடத்தில் நாற்காலி எப்படி? தலையணையை எடுத்துக்கொண்டு போனாயா?

இந்திராணி